பொல்லாத பைபிள்

லண்டனில் அரச அச்சகத்தாரான ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூகாஸும் 1631-இல் அச்சிட்ட ஆங்கில பைபிள் பதிப்பு. யாத்திராகமம் 20:14-இல் ‘நாட்’ என்ற ஒரே சொல் விடுபட்டதால், விபசாரத்தை விலக்கும் கட்டளை அதைச் செய்யச் சொல்லும் கட்டளையாகிவிட்டது. போட்டியாளரின் சதி என்று ஐயுற்றோரும் உண்டு. ஆனால் சதியே இல்லாமலும் இது நேரும்: மனப்பாடமான வரியைக் கண் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை, விடுபட்ட சொல்லை நினைவே இட்டு நிரப்பிவிடுகிறது. மெய்ப்புத் திருத்துவோருக்கு அரிய சொல்லைவிடப் பழகிய வரியே ஆபத்தானது.

மன்னர் முதலாம் சார்லஸ் கடுஞ்சினம் கொண்டார். 300 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. படிகள் திரட்டி அழிக்கப்பட்டன. தப்பியவை மிகச் சில. ஜேம்ஸ் மன்னர் பைபிளை 1611-இல் முதன்முதலாக அச்சிட்ட பார்க்கர், பின்னாளில் கடனாளியாகச் சிறையில் இறந்தார். அதற்கு இந்தப் பிழை மட்டும் காரணமன்று. தொழில் கூட்டாளிகளுடனான வழக்குகள் அவரை முன்பே நொடிக்கச் செய்திருந்தன.