தினசரி நூறு ரூபாய் வாத்தியார்!

வாழப்பாடியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்குப் பாக்கு வியாபாரம். ப்ளஸ் டூ முடித்த பையனோ, லீவு விட்டால் மாமாவின் மைக் செட் கடையே கதி என்று கிடப்பவன். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொல்கிறான்... ‘‘அப்பா, நான் சவுண்ட் இன்ஜினீயரிங் படிக்கறேன்!’’

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ‘‘ஏன்டா, மைக் செட் போடறதுக்கா லட்சக்கணக்குல பணத்தக் கட்டச் சொல்றே? மாமன் எந்தக் காலேஜுல படிச்சான்?’’

அப்பாவின் கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். கிட்டத்தட்ட இதே கேள்வியை, இந்தியாவின் முதல் பேசும்படத்தை எடுத்தவரே எதிர்கொண்டிருக்கிறார்!

1931-ல் வெளிவந்த அந்தப் படத்தின் கதை இது. பம்பாயில் இம்பீரியல் கம்பெனி முதலாளி அர்தேஷிர் இரானி ‘ஆலம் ஆரா’ எடுக்கத் தயாராகிறார். அமெரிக்காவிலிருந்து ‘டானார்’ என்ற ஒலிப்பதிவு இயந்திரம் வந்து இறங்கியாயிற்று. கூடவே அதைப் பூட்டி ஓட்டிக்காட்ட வில்ஃபோர்ட் டெமிங் என்ற அமெரிக்க நிபுணரும் வந்தார். சம்பளம்? நாளைக்கு நூறு ரூபாய்! ஒரு குமாஸ்தா மாதம் முழுக்க மாரடித்தாலும் பார்க்கமுடியாத தொகை. இரானி கணக்குப் போட்டுப் பார்த்தார். கட்டுப்படியாகாது. என்ன செய்தார் தெரியுமா? டெமிங் இருந்த ஒரு மாதத்துக்குள் அவரிடமே பாலபாடத்தைக் கற்றுக்கொண்டு, ருஸ்தம் பருச்சா என்ற உதவியாளரை வைத்துக்கொண்டு, படத்தின் ஒலிப்பதிவைத் தானே செய்து முடித்துவிட்டார்!

சும்மா இல்லை, எத்தனை தொல்லை! ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. வண்டிகள் ஓய்ந்த பிறகு, நள்ளிரவு ஒரு மணியிலிருந்து நாலு மணிக்குள் படம் பிடித்தார்கள். ‘டானார்’ இயந்திரத்தில் படமும் ஒலியும் ஒரே ஃபிலிமில் பதிவாகும். தும்மல் விழுந்தால் தும்மலோடுதான் காட்சி. பிற்பாடு சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

அதே ஆண்டு அக்டோபரில், அதே கம்பெனியிலிருந்து முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்தது. ஆனால், அடுத்த சில வருடங்களுக்குத் தமிழில் பேசும்படம் எடுக்க பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ மூட்டை கட்டவேண்டியிருந்தது. ஒலிப்பதிவு செய்யும் இயந்திரமும் ஆளும் அங்கேதான். 1934-ல்தான் ஏ.நாராயணன் சென்னையில் சீனிவாசா சினிடோன் என்ற ஸ்டூடியோவை ஆரம்பித்து ‘சீனிவாச கல்யாணம்’ எடுத்தார். அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் யார் என்கிறீர்கள்? நாராயணனின் மனைவி மீனாட்சி! பெண்கள் சினிமா பார்க்கப் போவதையே ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்த காலத்தில் இந்தியாவின் முதல் பெண் சவுண்ட் இன்ஜினீயர். அவருடைய பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, நம் வாழப்பாடிப் பையனுக்கு வருவோம். அவன் 1940-களில் பிறந்திருந்தால் இவ்வளவு யோசனை தேவையிருந்திருக்காது. முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் சேலம். அங்கே ஏற்காடு ரோட்டில் டி.ஆர்.சுந்தரம் 1935-ல் ஆரம்பித்த மாடர்ன் தியேட்டர்ஸ். இங்கிலாந்தில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர், ஸ்டூடியோவையும் மில் மாதிரியே நடத்தினார். நேரத்துக்கு வேலை, மாதச் சம்பளம், முதலாளியின் கண்டிப்பு! லேப், ஒலிப்பதிவுக் கூடம் எல்லாம் அதே வளாகத்துக்குள். உதவியாளாகச் சேர்ந்தால் ஒயர் சுற்றி, மைக் பிடித்து, வருடக்கணக்கில் பக்கத்தில் நின்று, ஒருநாள் இயந்திரத்தின் முன்னால் உட்காரலாம். ஃபீஸ் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. நூறு படங்களுக்கு மேல் தந்த அந்த ஸ்டூடியோவில் 1980-களின் ஆரம்பத்தில் படத் தயாரிப்பு நின்றுபோனது. இன்று மிஞ்சியிருப்பது நுழைவாயில் வளைவு ஒன்றுதான். போகிறவர்கள் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்தில் நின்று கற்பதை ஒரு படிப்பாகவே ஆக்கியது சென்னைதான். 1945-லேயே சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப் பொறியியலும் பாடங்களாயின. புனே திரைப்படக் கல்லூரி வருவதற்குப் பதினைந்து வருடம் முன்பே! அதன் வாரிசுதான் தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படக் கல்லூரி. ஒலிப்பதிவு இப்போது அங்கே நாலு வருடப் பட்டப்படிப்பு. அரசுக் கல்லூரிக் கட்டணம் என்பதால் வாழப்பாடி அப்பா முதலில் விசாரிக்கவேண்டிய இடம் இதுதான். சீட்டுகள் குறைவு, போட்டி அதிகம். கிடைக்கவில்லை என்றால் குடி முழுகிவிடாது. ஒரு டிகிரியை முடித்துவிட்டு, 1960-ல் தொடங்கிய புனே கல்லூரிக்கோ, 1995-ல் தொடங்கிய கொல்கத்தா சத்யஜித் ரே கல்லூரிக்கோ நுழைவுத் தேர்வு எழுதலாம். மின்சாரம் எட்டிப்பார்க்காத கேரள கிராமம் ஒன்றில் வளர்ந்த ரசூல் பூக்குட்டி, புனேயில் படித்து வெளியேறியது 1995-ல். ஆஸ்கர் வாங்கியது 2009-ல்.

‘‘அப்ப காலேஜ்தான் முக்கியங்கறீங்களா?’’ என்று கேட்டால், அவசரப்படாதீர்கள். ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களுக்கு ஒலி வடிவம் கொடுத்த எச்.ஸ்ரீதர் படித்தது கணிதம்! கூடவே சங்கீதப் பயிற்சி. ‘மகாநதி’, ‘லகான்’ உட்பட நாலு படங்களுக்குத் தேசிய விருது வாங்கியவர், 2008 டிசம்பரில் ஐம்பதைத் தொடுமுன்பே போய்விட்டார். அவருடைய சொத்து பயிற்சி பெற்ற காதுதான்.

நம் பையனிடமும் அந்தக் காது பாதி இருக்கிறது. திருவிழாவில் ஸ்பீக்கர் ‘ங்ங்ங்...’ என்று முனகும்போது, ‘எர்த் சரியில்ல’ என்று மாமா சொல்வாரே... அது நம் வீட்டுக் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு ஒலிக்குள் புகுந்துகொண்ட சமாசாரம். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் ஏன் ‘கீச்’ என்று அலறுகிறது என்பதும் அவனுக்கு அனுபவத்தில் தெரியும். அதன் பின்னால் உள்ள பௌதிகத்தைத்தான் கல்லூரி சொல்லித்தர வேண்டும்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று லட்சங்களில் ஃபீஸ் வாங்கும் தனியார் பள்ளிகளில் நல்லவையும் உண்டு. ஏ.சி. அறையில் இருபது பேரை உட்காரவைத்து, ஒரே ஒரு கம்ப்யூட்டரில் வாத்தியார் மட்டும் மௌஸைத் தட்டும் இடங்களும் உண்டு. போன வாரம் சேர்ந்தவனும் போன வருடம் சேர்ந்தவனும் அங்கே ஒரே மாதிரி வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் அப்பா தன் மண்டி பாஷையிலேயே நேராகக் கேட்டுவிடலாம். ‘‘ஏங்க, ஒரு மிஷினுக்கு எத்தனை பசங்க? வாரத்துல எத்தனை மணி நேரம் எம் பையன் அதுமேல கைய வெப்பான்? போன வருஷம் படிச்சு முடிச்சவங்க ரெண்டு பேரு நம்பரக் குடுங்க, பேசிட்டு வந்து பணத்தக் கட்டறேன்!’’