கட்டத்துக்கு முந்திய கலை: தமிழ்ச் சொற்புதிர் மரபும் கிரிப்டிக் குறுக்கெழுத்தும்

முன்னுரை

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில் கரியமாணிக்கம் என்னும் ஊர் உள்ளது. "கறுத்துப்போன கெம்பு கிடக்கும் ஊர் (8)" என்று ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பை அமைத்தால் அதன் விடை இவ்வூர்ப் பெயர். கறுத்துப்போன என்பது 'கரிய'; கெம்பு என்பது 'மாணிக்கம்'; இறுதியிலுள்ள 'ஊர்' விடையின் பொருள்; அடைப்புக்குள் இருப்பது எழுத்தெண்ணிக்கை. பொருள் ஒரு பக்கம், சொல்லை உருவாக்கும் வழி மறுபக்கம் என இரு வழிகளில் ஒரே விடைக்கு இட்டுச்செல்வதே கிரிப்டிக் குறிப்பின் இலக்கணம்.

இவ்வடிவம் பிரிட்டனில் உருவானது. ஆயினும் அதன் கருவிகளில் பல தமிழ் அணியிலக்கணத்தில் பெயரும் வகையும் பெற்று முன்பே நின்றவை. புதிதாக வந்தது, விடைக்கான சான்றைக் குறிப்பே தாங்கியிருக்க வேண்டும் என்ற விதிதான். அவ்விதி எவ்வாறு உருவாயிற்று, அது இல்லாதபோது என்ன நேர்ந்தது, தமிழுக்கு வந்தபோது எவ்வாறு மாறிற்று என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிசியும் சிலேடையும்

தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் ஏழு வகைகளுள் ஒன்றாகப் 'பிசி'யைக் கூறி, அதை ஒப்புமையால் உணர்த்துவது, தோற்றத்தைக் கூறித் துணிய வைப்பது என இரண்டாகப் பிரிக்கிறது. இன்றைய விடுகதைக்கு இதுவே முன்னோடி. பிசியில் பொருள்தான் மறைகிறது. விடைச்சொல்லின் எழுத்துகளுக்கு அங்கே வேலை இல்லை. எனவே பொருந்தும் விடைகள் இரண்டு கிடைத்தால், கேட்டவர் சொல்வதே தீர்ப்பு.

சொல்லின் உடலைத் தொட்டது சிலேடை. தண்டியலங்காரம் அதைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இரண்டாக்குகிறது. சொல்லைப் பிரிக்காமலே பல பொருள் கொள்வது முதலாவது. கரியமாணிக்கம் திருமாலின் பெயருமாதலால் "பெருமாள் ஊர் (8)" என்ற குறிப்பு இவ்வகையில் அடங்கும். ஆங்கிலப் புதிராளர்கள் இரட்டைப் பொருள் குறிப்பு என்பது இதைத்தான். சொல்லைப் பிரித்துப் பொருள் கொள்வது இரண்டாவது. "பாட்டின் முனையில் ஓர் ஊர் (3)" என்றால் பா, கூர் இரண்டும் சேர்ந்து பாகூர் ஆவது இவ்வகை.

ஒரு வேறுபாட்டை இங்கே குறிக்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டினரான காளமேகப் புலவர் பாம்பையும் எலுமிச்சம்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடும்போது இரு பொருளும் மெய். கிரிப்டிக் குறிப்பிலோ மேற்பொருள் ஒரு போர்வை மட்டுமே. கறுத்துப்போன கெம்பு எங்கும் கிடக்கவில்லை. சிலேடை இரண்டையும் காட்டி வியக்க வைக்கிறது. குறிப்பு ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தேட வைக்கிறது.

சித்திரக்கவியில் எழுத்துக் கணக்கு

தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் பன்னிரண்டு சித்திரக்கவிகளைப் பட்டியலிடுகிறது. உரை மரபு மேலும் சிலவற்றைச் சேர்க்கிறது. இவற்றுள் பல கிரிப்டிக் உத்திகளோடு நேராகப் பொருந்துகின்றன.

எழுத்துகளை நீக்க நீக்க வேறு சொல் தருவது அக்கரச்சுதகம். "தலையிழந்த பாகூரின் முனை (2)" என்றால் விடை கூர். எழுத்தைக் கூட்டிச் செல்வது எழுத்து வருத்தனம். கரந்துறைச் செய்யுளில் ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் மற்றொரு பாட்டு ஒளிந்திருக்கும். சொல்லளவில் "கரியமாணிக்கத்துக்குள் ஒரு பிரம்மசாரி (2)" என்றால் 'மாணி'. காதைகரப்பில் ஒன்றுவிட்டு ஒன்றாக எழுத்துகளைப் பொறுக்கினால் வேறொரு பாட்டு வரும். முன்னும் பின்னும் ஒன்றாகவே படிப்பது மாலைமாற்று. திருஞானசம்பந்தரின் மூன்றாம் திருமுறையில் இதற்கென ஒரு பதிகமே உண்டு. வினாவுத்தரம் பல வினாக்களுக்கான விடைகளைக் கோத்து ஒரு சொல்லாக்குகிறது. மூன்றெழுத்துச் சொல்லில் முதலும் ஈறும் ஒரு சொல், இடையும் ஈறும் ஒரு சொல் ஆவது திரிபாகி. காவிரியில் காரியும் விரியும் கிடைப்பது போல.

ஆங்கிலத்தில் நேர் இணை இல்லாதது மாத்திரைச் சுருக்கம். நெடில் குறிலாகி மாத்திரை குறையும்போது வேறு சொல் பிறக்கிறது. "சனி சுருங்கினால் யானை (2)" என்று குறிப்பெழுதினால், காரி சுருங்கிக் கரி ஆகிறது. மறுபுறம், ஆங்கிலக் குறிப்புகளில் மிகப் பெருவழக்கான எழுத்துக் கலைப்பு தண்டியின் பன்னிரண்டில் தனி வகையாக இடம்பெறவில்லை. ஆகவே இரு மரபுகளும் ஒன்றின் நகல் மற்றொன்று என்று கூற இயலாது. ஒரே சிக்கலை இரண்டு எழுத்துமுறைகள் தனித்தனியே அணுகியதன் விளைவாகவே இவ்வொற்றுமையைக் கொள்ள வேண்டும்.

நேர்மை விதியின் பிறப்பு

1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் நியூயார்க் வேர்ல்டு இதழில் வெளியிட்ட வைர வடிவப் புதிரே நவீனக் குறுக்கெழுத்தின் தொடக்கம். அதில் நேர்பொருள் குறிப்புகளே இருந்தன. பிரிட்டனில் 1926 முதல் அப்சர்வர் இதழில் 'டார்கிமாடா' என்ற புனைபெயரில் எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் எழுதிய புதிர்கள்தாம் குறிப்பையே புதிராக்கின. 1930 பிப்ரவரி 1 அன்று தி டைம்ஸ் நாளிதழும் குறுக்கெழுத்தைத் தொடங்கியது.

தொடக்கக் குறிப்புகளில் புலமைக் குறும்பு மிகுதி, ஒழுங்கு குறைவு. 1949இல் 'அஃப்ரிட்' என்னும் ஏ.எஃப். ரிச்சியும், 1966இல் 'சிமினீஸ்' என்னும் டி.எஸ். மக்நட்டும் தம் நூல்களில் ஒழுங்கை வரையறுத்தனர். மேற்பொருள் வழிதவற வைக்கலாம். சொற்களின் அமைப்பு பொய் சொல்லக் கூடாது. குறிப்பில் விடையின் பொருளும் சொல்லமைப்பும் இருக்க வேண்டும்; வெட்டிச் சொல் கூடாது. பிரெஞ்சுக் குறுக்கெழுத்து வேறு வழியில் சென்றது. அங்கே பொருள் விளையாட்டே முதன்மை பெறுகிறது. எழுத்தைப் பிரித்து நிறுவும் கட்டாயம் இல்லை. செம்மொழிச் சிலேடைக்கு அது அண்மையானது.

சான்றில்லாத கட்டம்

தமிழ் இதழ்களில் குறுக்கெழுத்து பரவியது பரிசுப் போட்டியாக. எஸ்.எஸ். வாசன் 1928இல் ஏற்று நடத்திய ஆனந்த விகடனில் 1930களில் இப்போட்டிகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. இவ்வகைப் போட்டிகளில் ஒரு குறிப்புக்குப் பொருந்தும் சொற்கள் பல இருக்கும்; ஓரெழுத்து மட்டும் மாறுபடும். நடத்துபவர் முன்பே முடிவுசெய்து வைத்த விடையோடு ஒத்துப்போனால்தான் பரிசு. இது சூதாட்டமே என்ற கண்டனம் எழுந்ததில் வியப்பில்லை.

1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம் எழுத்து, சொல், எண் ஆகியவற்றைக் கோத்து அமைக்கும் புதிர்ப் போட்டிகளைக் கட்டுப்படுத்தி, மாதத்துக்கு 1000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுகளைத் தடைசெய்தது. பெங்களூரிலிருந்து நடத்தப்பட்ட ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்துப் போட்டி குறித்த வழக்குகளில் 1957இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளையே இச்சட்டம் கட்டுப்படுத்தும், திறமையால் வெல்பவற்றை அன்று எனப் பிரித்தது. புதிர் வரலாற்றில் இத்தீர்ப்பின் முதன்மை அதிகம் கவனிக்கப்படவில்லை. நீதிமன்றம் திறமைக்கும் சூதுக்கும் இடையே இட்ட கோடும், சிமினீஸ் நல்ல குறிப்புக்கும் தீய குறிப்புக்கும் இடையே இட்ட கோடும் ஏறத்தாழ ஒன்றே: தீர்ப்பவர் தம் விடை சரி என்பதைத் தாமே அறிய முடியுமா என்பதே அளவுகோல்.

தமிழ்க் கட்டத்தில் கிரிப்டிக்

தமிழ்நாட்டு, புதுவை வாசகர்களுக்குக் கிரிப்டிக் பழக்கம் வந்தது பெரும்பாலும் தி இந்து ஆங்கில நாளிதழ் வழியாக. இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக 1958இல் பொறுப்பேற்ற ஆர்.டி. கட்டாரி ஓய்வுக்குப் பின் அதற்குப் புதிர் அமைத்தார். தமிழிலேயே இம்முறையை நிலைநாட்டியதில், 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் தொடர்ந்து வெளியிட்ட புதிர்களுக்கு முக்கியப் பங்குண்டு.

மொழி மாறியதும் கட்டத்தின் கணக்கும் மாறியது. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் வரக்கூடியவை 26; தமிழில் 247. எனவே குறுக்குச் சொல்லிலிருந்து கிடைக்கும் ஓரெழுத்து தமிழில் பெருந்துணை. தீர்ப்பவருக்கு அது வரம், அமைப்பவருக்குச் சுமை. மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது என்பதால், நெடுக்குச் சொல்லின் முதற்கட்டத்தில் புள்ளி எழுத்து வராமல் பார்க்க வேண்டும். எழுத்துக் கலைப்பும் அரிது. உயிர்மெய் உடையாமல் முழுதாக நகர வேண்டும். "கலங்கிய காவிரி, அறுபதில் ஒன்று (3)" என்ற குறிப்புக்கு விகாரி ஆண்டு கிடைப்பது போன்ற இணைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிரித்தல், ஒளித்தல், தலை நீக்கல் ஆகியவையோ இயல்பாக அமைகின்றன. சித்திரக்கவியில் வளர்ந்த உத்திகளும் இவையே என்பது கருதத்தக்கது.

முடிவுரை

பிசி பொருளை மறைத்தது. சிலேடை சொல்லைப் பிரித்தது. சித்திரக்கவி எழுத்தை எண்ணியது. இம்மூன்றும் தமிழில் தனித்தனியே நின்றன. கிரிப்டிக் குறிப்பு அவற்றை ஒரே வரியில் இணைத்து, தீர்ப்பவரிடமே தீர்ப்பையும் ஒப்படைத்தது. புலவரோ போட்டி நடத்துபவரோ சொல்லித்தான் விடை தெரிய வேண்டும் என்ற நிலை இதனால் நீங்கியது. தமிழ்ப் புதிராளர்கள் இதுவரை ஆங்கில உத்திகளையே மிகுதியாகத் தழுவியுள்ளனர். மாத்திரைச் சுருக்கம் போன்றவற்றை நேர்மை விதிக்குள் கொண்டுவந்தால், ஆங்கிலத்துக்கு இயலாத குறிப்பு வகைகள் தமிழில் உருவாகும். அதற்கான இலக்கணம் தண்டியின் நூலிலும் அதன் உரைகளிலும் ஆயத்தமாகவே உள்ளது.