ஓர் எழுத்தின் நீளம்

இருபத்திரண்டாம் சங்கீதத்தைக் கிறிஸ்தவ மரபு தொன்றுதொட்டு மெசியாவின் சிலுவைப்பாடுகளை முன்னறிவித்த பாடலாகவே வாசித்து வந்திருக்கிறது. அதில் அதிகம் சர்ச்சைக்குள்ளானது 16-ஆம் வசனம். தீயோர் சூழ்ந்து நிற்க, கைகால்களைக் குறித்து அங்கே ஒரு எபிரேயச் சொல் வருகிறது.

யூதரின் மசொரெத்து பாடத்தில் அச்சொல் 'காஆரி', சிங்கத்தைப் போல. வாக்கியத்தில் வினையே இல்லை. சிங்கத்தின் வாயில் நசுங்கியவைபோல என்று ராஷி பொருளை நிரப்ப வேண்டியிருந்தது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்போ 'தோண்டினார்கள்' என்கிறது. 2-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின், திரிபோ என்னும் யூதருடனான உரையாடல் நூலில், இதை ஆணிகளுக்குச் சான்றாக முன்வைத்தார். யூதர் வேதத்தைத் திருத்திவிட்டனர் என்ற பழி இடைக்கால ஐரோப்பாவில் அவர்கள்மீது சுமத்தப்பட்டபோது இவ்வசனமும் அதில் இழுபட்டது.

இத்தனைக்கும் வேறுபாடு கடைசி எழுத்தில்தான். யோத் என்றால் சிங்கம். வாவ் என்றால் வினைச்சொல். யோதின் கோடு குட்டை, வாவின் கோடு நீளம். பழைய எழுத்தர்கள் கையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

யூதேயப் பாலைவனத்தின் நகால் ஹெவரில் கிடைத்த தோற்சுருளின் துண்டு 2000-இல் முறையாகப் பதிப்பிக்கப்பட்டது. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது; 1008-ஐ ஒட்டி எழுதப்பட்ட லெனின்கிராட் சுவடிக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. அதில் இருப்பது வாவ். கிறிஸ்தவ வாதிகள் மகிழ்ந்தனர். ஆனால் 'தோண்டு' என்னும் எபிரேய வினையில் நடுவே ஆலெப் எழுத்து வராது, இச்சொல்லிலோ வருகிறது. தவிர, அடுத்த சொல்லிலேயே எழுத்தர் ஓர் எழுத்தைக் கூட்டி, 'என் கைகள்' என்பதை 'அவள் கைகள்' ஆக்கிவிட்டார்! வினைச்சொல் பழமையானது என்பதற்கு இத்துண்டு சாட்சி. ஆணிக்குச் சாட்சி என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

என்னை வியக்கவைப்பது வேறொன்று. இச்சங்கீதத்தின் முதல் அடியைச் சிலுவையில் இயேசுவே உச்சரிப்பதாக மாற்கும் மத்தேயுவும் எழுதுகின்றனர். ஆடைக்குச் சீட்டுப்போடும் 18-ஆம் வசனத்தை யோவான் பெயர்சுட்டாமல் வேதவாக்கியம் என்றே எடுத்தாள்கிறார். எபிரெயர் நிருபம் 22-ஆம் வசனத்தைக் கையாள்கிறது. 16-ஆம் வசனத்தை மட்டும் புதிய ஏற்பாடு எங்கும் மேற்கோளாகக் காட்டவில்லை. விலாவில் ஈட்டி பாய்ந்ததற்கு வேதச்சான்று தேடிய யோவான் சகரியாவிடம் போகிறார். அடுத்த அதிகாரத்தில் தோமா ஆணித்தழும்பைப் பார்க்கவேண்டும் என்கிறபோதும் அவர் இச்சங்கீதத்தை நினைவூட்டவில்லை.