டயட் எப்போது நோயாகிறது? காலேஜ் ஸ்டூடன்ட்ஸ் கவனத்துக்கு!

செமஸ்டர் லீவ் முடிந்ததும் ஹாஸ்டலில் ஒரு ரூமே சேர்ந்து டயட்டில் இறங்கும். காலையில் பிளாக் காபி, மதியம் மெஸ் சாப்பாடு கட், ராத்திரி ரெண்டு வெள்ளரிக்காய். எடை குறையக் குறைய, 'செம்மயா ஆயிட்டடி' என்று பாராட்டும் கிடைக்கும். ஆனால் சிலருக்கு, ஒருநாள் பசி தாங்காமல் பிஸ்கட் பாக்கெட்டுகளைக் காலி செய்துவிட்டு, குற்ற உணர்ச்சியில் பாத்ரூம் போய் வாந்தி எடுப்பதில் வந்து நிற்கும். இங்கேதான் விஷயம் சீரியஸ்.

'எனக்கு வில் பவரே இல்ல' என்று திட்டிக்கொள்ளாதீங்க. பட்டினி போட்டால் உடம்பு அப்படித்தான் கேட்கும். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, ஆரோக்கியமான 36 இளைஞர்களை 24 வாரம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். தினமும் சுமார் 1,570 கலோரி. (இன்ஸ்டா டயட்கள் சில இதைவிடக் குறைவு!) எடை கால்வாசி குறைந்தது. கூடவே எரிச்சல், சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகம் சேர்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். சோதனை முடிந்த பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் திருப்தி வரவில்லை.

டயட் இருக்கும் எல்லோருக்கும் இது நோயாகாது. ஆனால் சாப்பிடாமலே மெலிவது 'அனோரெக்ஸியா', அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது 'புலிமியா' என்று மருத்துவத்தில் பெயரே உண்டு. புலிமியாவில் எடை நார்மலாகவே இருக்கலாம், அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பீரியட்ஸ் தள்ளிப்போகும், பல் எனாமல் அரிக்கும். அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறும். பசங்களுக்கும் வரும், 'ஜிம் கட்டிங்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும்.

மருத்துவர்கள் கேட்கும் ஐந்து கேள்விகள் உண்டு. 1999-ல் லண்டனில் உருவான இதன் பெயர் 'ஸ்காஃப்'. வயிறு நிறைந்ததால் சங்கடப்பட்டு, வாந்தி எடுக்கிறீர்களா? சாப்பாட்டில் கன்ட்ரோல் போய்விட்டதாகக் கவலைப்படுகிறீர்களா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா? மற்றவர்கள் ஒல்லி என்றாலும் குண்டாக இருப்பதாக நம்புகிறீர்களா? சாப்பாடுதான் உங்கள் வாழ்க்கையை ஆள்கிறதா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் டாக்டரைப் பாருங்கள். இதுவே நோய் என்ற தீர்ப்பு இல்லை, செக் பண்ண வேண்டும், அவ்வளவுதான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல ஓ.பி இருக்கிறது. முதலில் போனில் பேச, 'டெலி மானஸ்' 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். ரூம்மேட்டுக்கு இப்படி இருந்தால் எடையைப் பற்றிப் பேச்சே எடுக்காதீங்க, 'டல்லா இருக்கியே, என்னாச்சு?' என்று கேளுங்க. மயக்கம், படபடப்பு என்றால் மட்டும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க.