இச்சிக்கு குபோட்டா

இச்சிக்கு குபோட்டா (1917–2003), ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வழக்கொழிந்து கிடந்த சுஜிகஹானா என்னும் சாயமுறையை ஆராய்ந்து, அதிலிருந்து தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்ட ஜப்பானியச் சாயக் கலைஞர் ஆவார்.

சுஜிகஹானா, முரொமாச்சிக் காலத்தின் பிற்பகுதியிலும் மொமொயாமாக் காலத்திலும் சிறந்து விளங்கி, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த கலையாகும். மதுரைச் சுங்குடியைப் போலவே இதிலும் சாயம் ஏறக்கூடாத இடங்கள் கட்டப்படுகின்றன; ஆயினும் உருவத்தின் விளிம்பை ஒட்டித் தையலோட்டி, நூலை இழுத்துச் சுருக்கி, சுருங்கிய பகுதியை இறுகச் சுற்றிக் கட்டுவதால், புள்ளிகள் மட்டுமன்றிப் பூவும் இலையுமாகிய பெரிய வடிவங்களும் சாயத்துக்குத் தப்பி நிற்கின்றன. அவற்றின் மேல் மையால் நுண்கோடுகள் தீட்டுவதும், பொன், வெள்ளித் தகடுகளை ஒட்டுவதும் உண்டு. பின்னர், அரிசிமாப் பசையால் கோடிட்டுச் சாயம் தீட்டும் யூசென் முறை பரவியதால், ஓவியம் போன்ற வடிவங்களுக்கு அதுவே போதுமானதாயிற்று.

டோக்கியோவில் பிறந்த குபோட்டா, 14ஆம் வயதில் யூசென் கலைஞர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். 20ஆம் வயதில் டோக்கியோ அருங்காட்சியகம் ஒன்றில் சுஜிகஹானாத் துணித்துண்டு ஒன்றைக் கண்டு, அதை மீட்பதே தம் வாழ்நாட்பணி என உறுதிகொண்டார். ஆனால் போர் குறுக்கிட்டது. சைபீரியாவில் போர்க்கைதியாக இருந்த அவர் 1948இல்தான் தாயகம் திரும்பினார். பல ஆண்டுகள் யூசென் தொழிலால் பிழைத்த பின்னரே ஆய்வில் இறங்க முடிந்தது. அப்போதும் பழைய கலைஞர்கள் கையாண்ட விறைப்பான மென்பட்டு கிடைக்கவில்லை. எனவே அவர் சுருக்கமுடைய கிரேப் பட்டையும் செயற்கைச் சாயங்களையும் ஏற்று, தம் முறைக்கு 'இச்சிக்கு சுஜிகஹானா' எனத் தம் பெயரையே சேர்த்து வழங்கினார். மரபை அப்படியே மீட்டதாக உரிமை கொண்டாடாத இந்த நேர்மை, அவர் படைப்புகளின் அழகுக்கு நிகராகவே மதிக்கத்தக்கது.

அவர் முறையில், கானாவாழை இனப் பூவின் நீலச் சாற்றால், பின்னர் நீரில் கரைந்துவிடுமாறு, முதலில் உருவம் வரையப்படுகிறது. அடுத்துத் தைத்துக் கட்டி, சாயமேற்றி, ஆவியில் வேகவைத்து, அலசி, கட்டவிழ்த்தபின், அதே துணி மீண்டும் கட்டப்பட்டு வேறு சாயம் பெறுகிறது. இச்சுழற்சி பலமுறை நிகழ்வதால் ஒரு நிறத்தினூடே மற்றொன்று ஒளிர்கிறது. கட்டுகள் விட்டுச்சென்ற மடிப்புகள் தேய்த்துச் சமப்படுத்தப்படாமல், மலைச்சரிவாகவும் பனிமூட்டமாகவும் துணியிலேயே நிலைக்கின்றன. ஒரு கிமோனோ முடிய ஓராண்டு வரை ஆவதும் உண்டு.

முதல் கண்காட்சியை 1977இல், தமது 60ஆம் வயதில்தான் நடத்தினார். 'ஒளியின் சிம்பொனி' அவருடைய தலைசிறந்த படைப்பு. கிமோனோக்களை வரிசையாகத் தொங்கவிட்டால், ஒன்றின் காட்சி அடுத்ததில் தொடர்ந்து, பருவங்கள் மாறும் ஒரே நிலக்காட்சியாக விரிகிறது. 80 கிமோனோக்களாகத் திட்டமிடப்பட்ட இத்தொகுதி, அவர் மறைந்தபோது நிறைவுறாமல் இருந்தது; பணியை அவருடைய பட்டறை தொடர்ந்தது. ஃபூஜி மலைக்கு அருகே, கவாகுச்சி ஏரிக்கரையில் 1994இல் அவர் நிறுவிய அருங்காட்சியகத்தில் இக்கிமோனோக்களைக் காணலாம்.