மானிப்பாயின் தமிழ் மருத்துவ வகுப்பு

கிராமத்தில் ஒரு மருத்துவமனையைக் கட்டி எழுப்பிவிடலாம். அதில் பணியாற்றுவோரை ஊரோடு தங்கவைப்பதுதான் பெரும்பாடு. ஈண்டு மருத்துவரை மட்டும் கருதிக் கூறவில்லை. மருந்து கலந்து கொடுப்பவர், புண்ணைக் கழுவிக் கட்டுபவர், பிள்ளைப்பேறு பார்க்கும் தாதி முதலாய துணைப்பணியாளரும், பயிற்சி முடிந்ததும் நகரத்தையே நாடுகின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டில் இதற்கெனவே ஒரு பரிந்துரை நூலை வெளியிட்டது. 2021இல் அதனைப் புதுக்கியும் தந்தது. கிராமப் பின்னணி உடைய மாணவரைத் தேர்ந்தெடுங்கள், பெருநகருக்கு வெளியே வைத்துப் பயிற்றுங்கள் என்பன அதன் அறிவுரைகளுள் தலையாயவை. இவற்றைப் படிக்கும்போது தமிழாசிரியர்க்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் நினைவுக்கு வருதல் வேண்டும்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். 1848 முதல் மானிப்பாயைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். ஒருவர் தனியே நின்று எத்தனை நோயாளரைப் பார்க்க இயலும்? உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து அவ்வாண்டிலேயே ஒரு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். பாடமொழி ஆங்கிலம். மருத்துவர் யார், துணைப்பணியாளர் யார் என்னும் வரம்பு இன்றுபோல் அன்று இறுகியிருக்கவில்லை. அவரிடம் பயின்றோர் மருந்து கலந்தனர், கட்டுப் போட்டனர், அறுவைக்கு உதவினர், பின்னர்த் தாமே வைத்தியமும் பார்த்தனர்.

ஆனால், ஆங்கிலம் கற்றவனுக்கு வாயில்கள் பல திறந்திருந்தன. அரசாங்க உத்தியோகமும் வெளியூர்ச் சம்பளமும் அவனை அழைத்தன. இது மருத்துவ வகுப்பில் மட்டும் கண்ட நோய் அன்று. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி 1855இல் மூடப்பட்டதற்கு மிஷன் கருதிய காரணங்களுள் ஒன்று, ஆங்கிலம் கற்றோர் உத்தியோகம் தேடிப் புறப்பட்டுவிடுகின்றனர் என்பதே. 1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பிய கிறீன், 1864இல் துணிந்து ஒரு மாற்றம் செய்தார். இனி மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்படும் என்றார். தமிழில் கற்றவர் தம் மக்களிடையே தங்குவர், நோயாளி சொல்வதை அவன் மொழியிலேயே கேட்டு அவன் மொழியிலேயே விடையும் கூறுவர் என்பது அவர் எண்ணம். மாணவர் ஐரோப்பியரைப் போல் உடையும் நடையும் மாறிப்போவதையும் அவர் விரும்பவில்லை.

முடிவெடுத்தால் போதுமா? பாடநூல் வேண்டுமே! இவ்விடத்தில்தான் கிறீனின் உழைப்பு நம்மை வியக்க வைக்கின்றது. கட்டர் என்பாரின் உடலியல் நூலை 1852இலேயே தமிழாக்கி வெளியிட்டிருந்தார். மோன்செல் என்பாரின் நூல் 1857இல் 'பிரசவ வைத்தியம்' ஆயிற்று. துருவிற்று என்பாரின் நூல் 1867இல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயருடன் வந்தது. 1875இல் வெளிவந்தது 'கெமிஸ்தம்'. பெயரைக் கேட்டதும் மாணவர் நகைப்பர். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழைத் தேடுவது, அங்கே கிட்டாதாயின் வடமொழியை நாடுவது, அதுவும் உதவாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இணங்கத் திரிப்பது என்பது அவர் வகுத்துக்கொண்ட முறை. 'கெமிஸ்திரி'யின் வாலை வெட்டி 'அம்' விகுதி சேர்த்த அத்துணிவு, இன்று கலைச்சொல் குழுக்களில் அமர்வோர்க்கும் வேண்டும் என்பேன். இந்நூல்கள் தனி ஒருவரின் ஆக்கங்கள் அல்ல. அவரிடம் பயின்ற தமிழ் மாணவரும் மொழிபெயர்ப்பில் உழைத்தனர்.

அவர் பயிற்றிய அறுபது பேரளவினருள் சரிபாதிக்குச் சற்று மேற்பட்டோர் தமிழில் கற்றோர் என்பர். அவர்களுட் பலர் யாழ்ப்பாணத்து ஊர்களிலேயே தொழில் நடத்தினர். ஆகவே, கிறீனின் கணக்குப் பொய்க்கவில்லை.

எனினும், நம்மவர் விழா மேடைகளில் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழ் இங்கே இரு வேலை செய்தது. நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே அது பாலம். வைத்தியருக்கும் வெளியுலகுக்கும் இடையே அது வேலி. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் மொழி ஆங்கிலம். அரசாங்கப் பணியின் மொழியும் அதுவே. மானிப்பாயில் தமிழில் கற்றவன் மேலே படிக்க விரும்பினால் எங்கே போவான்? ஊரில் தங்குதல் என்பது போக வழியின்றித் தங்குதலாய் முடிந்தால், அதனைத் தொண்டு என்று புகழ்வது முறையோ? பாலத்துக்காகக் கிறீனை நான் வணங்குவேன். வேலியையும் சேர்த்து வணங்க என் ஆசிரிய மனம் இடந்தரவில்லை. 1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய பின் அவ்வகுப்பு நெடுநாள் நிலைக்கவுமில்லை. பெற்றோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்பினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

அங்ஙனம் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் எங்கே சென்றனர் என்பது நம் நாட்டு வரலாற்றோடு பிணைந்தது. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. அதனையொட்டிய காலத்தில் எழுத்தராகவும் நில அளவையாளராகவும் நிலைய அதிபராகவும் அவர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தனர். மருத்துவமனைகளில் டிரசராக வந்தோரும் பலர். ரப்பர்த் தோட்டங்களில் வெள்ளைக்கார மருத்துவர் இடையிடையே வந்து போவார். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினாவைக் கையில் வைத்துக்கொண்டு நாள்தோறும் லயத்துக்கு லயம் நடந்தவர் டிரசரே. மானிப்பாய் இழந்த கைகளால் மலாயாத் தோட்டத்துத் தமிழ்க் கூலிகள் பிழைத்தனர்.

இவ்வோட்டம் இன்னும் ஓயவில்லை. நான் வாழும் உட்லண்ட்ஸில் 2023 டிசம்பர் முதல் படிப்படியாகத் திறக்கப்பட்ட புதிய மருத்துவமனை உள்ளது. 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலம் அதற்கு அணித்தே இருக்கின்றது. சிங்கப்பூர் மருத்துவமனைகளில் மலேசியா, பிலிப்பீன்ஸ், இந்தியா, மியன்மார் முதலிய நாடுகளின் தாதியர் பணிபுரிகின்றனர். அவர்களது கனிவால் நாம் நலம் பெறுகிறோம். அவர்கள் விட்டு வந்த ஊர்களில் கட்டுப் போடுவோர் யார் என்று நம்முள் கேட்போர் சிலரே. 2010இல் அதே உலகச் சுகாதார நிறுவனம், ஆள் பற்றாக்குறை மிகுந்த நாடுகளிலிருந்து வளமிக்க நாடுகள் சுகாதாரப் பணியாளரைத் திரட்டுவது பற்றியும் ஒரு நெறிமுறையை வகுத்தது. அதனை ஏற்பது நாடுகளின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது.

கிறீனும் ஊரில் தங்கியவர் அல்லர்; உடல் நலம் குன்றித் தம் பிறப்பிடமான அமெரிக்காவின் வூஸ்டர் நகருக்குத் திரும்பினார். ஆயினும் தமிழ் நூற்பணியை அங்கிருந்தே தொடர்ந்தார். 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. 1884 மே மாதம் அவர் காலமானார். 'இந்து பதார்த்த சாரம்' வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.