ஒட்டிய பெயரும் ஒட்டாத மனசும்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரச் சொன்னாங்க. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, எங்க குழு ஆரம்பித்த புதுசில் நடந்த ஒரு விஷயம்.

அப்போது நாங்க 14 பேர் சேர்ந்திருந்தோம். கூடை முடைந்து விற்கிற ஒரு அக்கா, "என்னையும் சேர்த்துக்குவீங்களா?" என்று கேட்டு வந்தாங்க. அவங்க போனதும் ஒருத்தர் மெதுவாகச் சொன்னார்: "அவங்க ஆளுங்களை நம்பி எப்படிப் பணப் பெட்டியை வைக்கிறது? சினிமாவிலகூட காட்டுறாங்களே!" யாரும் மறுத்துப் பேசலை. நானும் பேசலை. அந்த அக்கா யார் வீட்டிலும் ஒரு குண்டூசி எடுத்ததாகக்கூட யாருக்கும் தெரியாது. பிறகு அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது? தேடிப் போனால், அது ஏறக்குறைய 200 வருஷத்துக் கதை.

வெள்ளைக்காரர் ஆட்சியில், 1830களில், வட இந்தியாவில் வழிப்போக்கர்களைக் கொன்று கொள்ளையடித்த 'தக்கர்' கூட்டத்தை ஒடுக்கும் வேலை நடந்தது. அதை வைத்து மெடோஸ் டெய்லர் என்பவர் 1839இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். இங்கிலாந்தில் அது அமோகமாக விற்றது. டிவி, சினிமா இல்லாத காலத்தில் நாவலும் பத்திரிகையும்தான் அவங்களுக்கு இந்தியாவைக் காட்டின. 'இந்தியாவில் சில கூட்டத்தாருக்குத் திருட்டு பரம்பரைத் தொழில்' என்ற எண்ணம் படிக்கிறவர் மனசில் ஊறிப் போச்சு.

அந்த எண்ணமே 1871இல் சட்டமாச்சு. அதுதான் குற்றப் பரம்பரைச் சட்டம். தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. அதுபோலத் திருடன் மகன் திருடன் என்பதுதான் அதிகாரிகள் சொன்ன வாதம். இந்தச் சட்டத்துக்கு ஒருவர் தப்பு செய்திருக்க வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள சாதியில் பிறந்திருந்தாலே போதும்.

நம்ம பக்கத்துக் கதையைப் பாருங்க. அந்தக் காலத்தில் குறவர் மக்களில் பல குடும்பங்கள் கழுதையிலும் மாட்டிலும் உப்பு ஏற்றிக்கொண்டு, கடற்கரையிலிருந்து உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போய்த் தானியத்துக்கு மாற்றி வந்தாங்க. ஊருக்கு உப்பு கொண்டு வந்தவங்க அவங்கதான். 1856இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடியது. அடுத்தடுத்த வருஷங்களில் உப்பும் ரயிலில் ஏறியது. உப்பு வரியும் அரசாங்கக் கட்டுப்பாடும் சேர்ந்து அவங்க பிழைப்பைக் கெடுத்தன. வேலை தேடி ஊர் ஊராக அலைந்தவர்களை 'நாடோடி, நம்பக் கூடாது' என்று எழுதினாங்க. முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி 1892இல், சென்னை மாகாணத்துக் 'குற்ற வகுப்பார்' பற்றி ஒரு புத்தகமே போட்டார். பிழைப்பு போன கதையை மறந்துட்டாங்க. 'திருட்டுச் சாதி' என்ற பெயர் மட்டும் புத்தகத்தில் நின்னுடுச்சு.

1911இல் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்ம மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றாங்க. பதிவான ஆண்கள் கைரேகை வைக்கணும். ராத்திரியில் ஆஜர் கொடுக்கணும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்கணும். ராத்திரி வீட்டில் ஆம்பளை இல்லாமல், பிள்ளைகளையும் ஆடு மாட்டையும் காத்தவங்க பெண்கள்தான்.

மதுரைப் பக்கம் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், பிரமலைக் கள்ளர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தாங்க. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் அவர் என்று ஊரில் இன்றும் சொல்றாங்க. அந்த மக்களுக்காக வாதாடிய வக்கீல் ஜார்ஜ் ஜோசப், கேரளத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்தவர். வேற மொழி, வேற மதம். ஆனாலும் 'ரோசாப்பூ துரை' என்று அந்த மக்கள் அவரைத் தங்கள் ஆளாகவே ஏற்றுக்கொண்டாங்க.

பல தலைவர்கள் போராடினாங்க. 1947இல் நம்ம மாகாணத்திலும், 1952இல் நாடு முழுக்கவும் சட்டம் நீங்கியது. பட்டியலில் இருந்தவர்களுக்குச் சீர்மரபினர் என்று பெயர் வந்தது.

சட்டம் போச்சு, பேச்சு போகலையே! சினிமாவில் திருடன் என்றால் ஒரு குறிப்பிட்ட நிறம், உடை, பேச்சு. பாசிமணி விற்கிற பெண் வந்தால் ஒரு ஆட்டமும் ஒரு சிரிப்பும்தான். எங்கேயாவது திருட்டு நடந்தால், பிடிபட்டவர் பெயரோடு நிற்காமல் கூட்டத்தின் பெயரையும் சேர்த்துச் செய்தி போடுறாங்க. வசதியான ஒருத்தர் மோசடி செய்தால் அவர் சாதியைத் தலைப்பில் போடுறாங்களா?

அதே சினிமா நல்லதும் செய்யும். 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தை நம்மில் பலர் பார்த்து அழுதோம். 1993இல் நடந்த உண்மை வழக்கை வைத்து எடுத்த படம் அது. திருட்டுப் பழி சுமத்திப் போலீஸ் கொண்டுபோன கணவனுக்கு நியாயம் கேட்டு, கூலி வேலை செய்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் வரை போன கதை.

எங்க குழுவுக்கு வருவோம். அடுத்த கூட்டத்தில் எங்களில் மூத்த பெரியம்மா ஒருத்தர், "கடன் பேரேட்டை எடும்மா. இதுவரைக்கும் தவணை தவறினது யார் யாருன்னு படி" என்றார். படித்தேன். தவறியவங்க பட்டியலில் என் பெயரும் இருந்தது. அப்புறம் யாரும் பேசலை.

மறுநாளே அந்த அக்காவைக் கூப்பிடப் போனோம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாங்க. நாலு மாசம் கழித்துத்தான் வந்தாங்க. அந்த நாலு மாசம் அவங்க யோசித்தது என்னவென்று எங்களுக்குப் புரிந்தது.

வாரக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் பதிவு: நம்ம குழுவுக்கு விதி இந்த ஐந்துதான். இதில் சாதி எங்கே இருக்கு? சினிமா சொன்னதை நம்புறதா, நம்ம பேரேடு சொல்றதை நம்புறதா? அடுத்த முறை உங்க குழு வாசலில் ஒருத்தி வந்து நின்றால், அவங்க ஊரையும் சாதியையும் கேட்காதீங்க. வாரா வாரம் கூட்டத்துக்கு வர முடியுமா என்று மட்டும் கேளுங்க.